சம்பந்திக்கு கிரிப் மாட்டிய நான்கு நாட்கள்

வாலிநோக்கத்தில் என் சம்பந்தியின் உப்பளத்துக்குப் பின்னால் ஒரு பொட்டல் உண்டு. புல் முளைக்காது, ஆடும் எட்டிப் பார்க்காது. ஒரு புதன்கிழமை காலையில் அந்தப் பொட்டலின் நடுவே சம்பந்தி கால்களை அகட்டி வைத்து, கையில் கோல்ஃப் மட்டையோடு நின்றிருந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ. பின்னால் உப்புக் குவியல். மனிதர் எங்கே முடிகிறார், உப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே சிரமமாக இருந்தது.

"எப்படி சம்பந்தி, நம்ம பிடி?" என்றார்.

பார்த்தேன். மட்டையின் கைப்பிடி உள்ளங்கைக்குள் புதைந்து கிடந்தது. இடது கைக்கும் வலது கைக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிற இடைவெளி. கழுத்து நரம்பு வரைக்கும் புடைத்திருந்தது. மண்வெட்டியைப் பிடிக்கிற பிடி அது. மண்வெட்டி பிடிக்கிறவர்கள்கூட இதைவிடத் தளர்வாகத்தான் பிடிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் பொழுது சாயும் வரைக்கும் வேலை செய்தாக வேண்டும். சம்பந்தி மண்வெட்டியையும் வாழ்நாளில் தொட்டதில்லை. அளத்தில் மற்றவர்கள் பிடிப்பதைத் தூர நின்று பார்த்ததோடு சரி.

"பிரமாதம் சம்பந்தி. அசல் ஆபீசர் பிடி" என்றேன்.

சொன்னவன் யார் என்றால், பட்டாளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து, அதில் பாதிக்கு மேல் கோல்ஃப் மைதானத்து மட்டை அறையிலேயே கழித்தவன். கையைப் பார்த்து, மட்டையின் கைப்பிடியில் கிரிப் என்கிற ரப்பர் பிடியை மாட்டுவதற்காகவே சம்பளம் வாங்கியவன்.

கேட்க வேண்டிய ஒரு வார்த்தை

காரணம் இல்லாமல் நான் பொய் சொல்கிறவன் இல்லை. என் மகள் வளர்மதி அந்த வீட்டு மருமகள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி கடலில். அவள் மாமனார் மாமியாரோடு உப்பளத்தை ஒட்டிய மாடிவீட்டில் இருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் எழுதிய பரீட்சைக்கு அந்த மாதம்தான் உத்தரவு வந்திருந்தது. திருவாடானையில் அரசாங்க வேலை. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும், சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வாலிநோக்கத்தில் இருந்து தினமும் போய்வருகிற தூரமில்லை. அங்கேயே விடுதியில் தங்கி, சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்கு வரவேண்டும்.

வளர்மதி மாமனாரிடம் கேட்டாள். "பாப்போம்" என்றார். மாப்பிள்ளையிடம் போனில் கேட்டாள். "அப்பா சொன்னாச் சரி" என்றார். கப்பல் எந்தக் கடலில் போனாலும் மாப்பிள்ளையின் நங்கூரம் வாலிநோக்கத்தில்தான்.

என் மனைவி சொர்ணம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணப் பெத்த தகப்பன் போயி வாய்விட்டுக் கேக்கணுங்க. அதான் மொற. மருமக கேட்டா அவுக எப்படிச் சரின்னு சொல்லுவாக? பக்குவமாக் கேளுங்க. கோவத்தக் கெளப்பிட்டு வந்துராதீக. அங்கன கெடந்து பேச்சு வாங்குறது நம்ம புள்ளதான்."

எப்படிப் போய் நிற்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தியே போன் பண்ணினார். வரும் ஞாயிற்றுக்கிழமை மலையில் ஒரு கிளப்பில் பெரிய மனிதர்களோடு கோல்ஃப் ஆடப் போகிறாராம். புது கிரிப் வாங்கி வைத்திருக்கிறாராம். "நீங்கதான் அதுல கெட்டிக்காரராமே. வந்து மாட்டிக் குடுங்க."

புதன், வியாழன், வெள்ளி, சனி. நான்கு நாள். சாயல்குடிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் இருந்து மோட்டார் சைக்கிளில் போய்ப் போய் வந்தேன்.

மட்டை அறை

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்த வாசகர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். பட்டாளத்துக்காரன் துப்பாக்கி பிடித்த கதையை எழுதுவானா, கோல்ஃப் மட்டைக்கு ரப்பர் மாட்டிய கதையை எழுதுவானா என்று கேட்கிறார். ஐயா, துப்பாக்கி பிடித்தவர்கள் நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. அதில் பாதிப் பேர் பிடித்த துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டவன் எவனோ ஒருவன். நான் அந்த எவனோ.

மட்டை அறை என்பது ஜன்னல் இல்லாத ஒரு அறை. பெட்ரோல் வாசனையும் ரப்பர் வாசனையும் கலந்து சட்டையில் ஏறிவிடும், துவைத்தாலும் போகாது. பழைய கிரிப்பைக் கொக்கிக் கத்தியால் நீளவாக்கில் கீற வேண்டும். உரித்துப் போட்டுவிட்டு, மட்டைக் கம்பியில் ஒட்டியிருக்கிற பழைய டேப்பை நகத்தால் சுரண்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைப் புதிதாகச் சுற்றி, பெட்ரோலால் நனைத்து, புது கிரிப்பை ஒரே மூச்சில் உள்ளே தள்ள வேண்டும். பாதியில் யோசித்தால் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் அதையும் கீற வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய வேலை கையைப் பார்ப்பது. இடது கையால் கிரிப்பைப் பிடித்தால், நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் கட்டைவிரல் மேட்டை லேசாகத் தொட வேண்டும். தொடாமல் தூர நின்றால் கிரிப் பருமன். சதைக்குள் அழுந்தினால் கிரிப் மெலிவு. பருமனாக இருந்தால் மணிக்கட்டு திரும்பாது, பந்து வலது பக்கம் ஓடும். மெலிவாக இருந்தால் மணிக்கட்டு அவசரப்படும், பந்து இடது பக்கம் ஓடும். வியர்க்கிற கைக்கு நூல் கலந்த சொரசொரப்பான கிரிப். முட்டி வீங்கிய வயதான கைக்கு மெத்தென்ற ரப்பர், அடியில் இரண்டு சுற்று டேப் கூடுதலாக.

இவ்வளவுதான் சங்கதி. ஆனால் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் வேறு. இவர் என்ன நிறம் போட்டிருக்கிறார், அவருக்கு எங்கேயிருந்து வந்தது, எனக்கு ஏன் அது இல்லை. ஒரு அதிகாரி தனக்கு மேலே உள்ளவரின் கிரிப்பையே தனக்கும் போடச் சொன்னார். மேலே உள்ளவர் ஆறடி உயரம், கை முறம் மாதிரி. இவர் கையோ பள்ளிக்கூடப் பிள்ளையின் கை. போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதம் அவர் பந்தை வேலிக்கு வெளியேதான் பொறுக்கினார்கள்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றுதான் சொன்னேன். அறைக்குத் திரும்பி வந்து சிரித்தேன். ஆளுக்கு முன்னால் தலையாட்டுவதும் ஆள் போனபிறகு இளக்காரம் பேசுவதும் எனக்கு அங்கே கைவந்த கலையாகிவிட்டது.

வளர்மதி அந்த அறையிலேயே வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டால் குடியிருப்புக்குப் போகாமல் நேராக என்னிடம் வருவாள். மேஜைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வீட்டுப்பாடம் முடிந்தால் உடைந்த மட்டையை எடுத்துப் பிடித்துப் பார்ப்பாள். அவள் பிடி அப்போதே சரியாக இருக்கும்.

பெருசு நல்லது

வியாழக்கிழமை சம்பந்தி வாங்கிவைத்த கிரிப்புகளைப் பார்த்தேன். கடையில் இருப்பதிலேயே பருமனானது. வெள்ளை நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு.

"இருக்கதுலயே பெருச குடுன்னேன். வெலையும் அதுதான் கூட" என்றார்.

சம்பந்தியின் கை சின்னக் கை. கையெழுத்துப் போட்டும் கும்பிட்டும் பழகிய கை. அந்தக் கிரிப்பை அவர் பிடித்தபோது விரல் நுனிக்கும் கட்டைவிரல் மேட்டுக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் போய்வரலாம். போதாததற்குக் கடற்கரை உப்புக்காற்று, ஓயாத வியர்வை. வழவழப்பான அந்த ரப்பர் அரை மணி நேரத்தில் விலாங்கு மீனாகிவிடும். நூல் கலந்த மெலிந்த கிரிப்தான் அவருக்குச் சரி. தெரியும். வாயைத் திறந்தேன்.

"நல்ல தேர்வு சம்பந்தி" என்று வந்தது.

அதோடு விட்டாரா? டேப் சுற்றி, பெட்ரோலால் நனைத்து, முதல் கிரிப்பை உள்ளே தள்ளிவிட்டு, அதன்மேல் இருந்த பாலிதீன் உறையை உரிக்கப் போனேன். நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் பதறி எழுந்தார்.

"கவரப் பிரிச்சிராதீக சம்பந்தி. வெள்ளக் கலரு, அழுக்காயிரும்."

அந்த வீட்டை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. கார் வாங்கிப் பல வருடம் ஆகியும் சீட்டுக்குப் பாலிதீன் உறைதான். வெயிலில் ஏறி உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். டிவி ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு உறை, மாப்பிள்ளை கப்பலில் இருந்து கொண்டுவந்த சூட்கேசுக்கு உறை. வாங்கிய பொருளை வாங்கியபடியே வைத்திருந்து தேய்க்காமல் போய்ச் சேர்வதுதான் அவர்கள் வீட்டுச் சிக்கனம். நம் ஊரில் பல வீட்டுச் சிக்கனமும் அதுதான்.

ஆனால் கிரிப்பின் மேல் உறை என்றால் என்ன அர்த்தம்? கை ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம், நடுவில் வியர்வையும் பாலிதீனும். வீசினால் மட்டை கையில் நிற்காது. இது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். இருபது வருடச் சர்வீஸ்காரனுக்குத் தெரியாதா?

பிரிக்கவில்லை. அது மட்டுமா, உறை நழுவாமல் இருக்க இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக் கொடுத்தேன். ஒன்பது மட்டைக்கும். "இதுதான் கைவேலங்கிறது" என்று சம்பந்தி பாராட்டினார். அந்தச் சமயத்தில் கேட்டிருக்கலாம். சந்தோஷமாக இருக்கிறாரே, இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொர்ணம் கேட்டாள். "கேட்டீகளா?"

"பக்குவமா எடுத்துட்டு வாரேன். அவசரப்படாத."

உப்பளத்தில் ஒரு குரல்

வெள்ளிக்கிழமை சம்பந்தி பந்தை அடித்தார். அடித்ததெல்லாம் வலது பக்கம் பறந்து பாத்தியில் விழுந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். அதில் வயதான ஒருத்தி நிமிர்ந்து, வாரிப் பலகையின் நீளக் கம்பை ஊன்றிக்கொண்டு சொன்னாள்.

"மொதலாளி, இம்புட்டு இறுக்கிப் பிடிச்சா கை காச்சுப் போகும். விரலால பிடிங்க, விரலால."

அவள் கோல்ஃப் மைதானத்தைக் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் அந்த நான்கு நாளில் அந்தப் பொட்டலில் சொல்லப்பட்ட முதல் உண்மை அதுதான். கைப்பிடி விரல்களில் கிடக்க வேண்டும், உள்ளங்கையில் அல்ல. இதைச் சொல்லித்தர நகரத்தில் ஆள் வைத்துப் பாடம் எடுக்கிறார்கள்.

"வேலயப் பாரு" என்றார் சம்பந்தி. அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீகளா, ஸ்டிக்குப் பிடிக்க இவுககிட்டப் படிக்கணுமாம்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அன்றைக்கு வளர்மதி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழே பார்த்து, கேட்டாயிற்றா என்று தலையை மட்டும் அசைத்தாள். பொறு என்று கையைக் காட்டினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை

சனிக்கிழமை விருந்தாளி ஒருவர் வந்தார். மறுநாள் சம்பந்தியை மலைக்கு அழைத்துப் போகிறவர் அவர்தான். வேலையில் இருந்து ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, நல்ல ஆட்டக்காரர். பொட்டலில் இரண்டு நாற்காலி போட்டார்கள். சம்பந்தி வெள்ளை உடையில் போய் நின்றார். பாலிதீன் கையில் நெரிபடுகிற சத்தம் நாற்காலி வரைக்கும் கேட்டது. விருந்தாளி புருவத்தை உயர்த்தினார்.

முதல் பந்து வலப்பக்கம். இரண்டாவதும் வலப்பக்கம். சம்பந்திக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்றாவது முறை முழு பலத்தையும் கூட்டி வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டை கையைவிட்டுக் கிளம்பி, விருந்தாளியின் காதோரம் போய், பின்னால் பாத்தித் தண்ணீரில் விழுந்தது. விருந்தாளி விலகப் பார்த்து நாற்காலியோடு மண்ணில் சாய்ந்து கிடந்தார்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். பாத்தியில் இருந்து எடுத்து வந்த மட்டையை வாங்கிப் பார்த்தார். "என்ன சார் இது, கவரே பிரிக்கல?" என்று சிரித்தார். நல்ல மனிதர், திட்டவில்லை. அந்தச் சிரிப்பு திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

சம்பந்தியின் முகம் கறுத்தது. "இவுகதான் மாட்டுனாக" என்று என்னைக் காட்டினார். "பட்டாளத்துல இதே வேலதானாம். எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சவுக சொல்ல வேணாமா?"

போயிற்று என்று நினைத்தேன். இனி எங்கே கேட்பது? மகளின் வேலை அந்த உப்புத் தண்ணீரில் விழுந்ததாகவே எனக்குப் பட்டது. அப்போதும் நான் பேசவில்லை. பட்டாளத்தில் நிற்கிற மாதிரி விறைத்து நின்றேன்.

மோர் கொண்டுவந்த வளர்மதி தட்டைக் காலி நாற்காலியின் மேல் வைத்தாள். விருந்தாளியிடம் இருந்து மட்டையை வாங்கினாள். டேப்பை நகத்தால் கிளப்பி, உறையைச் சரசரவென்று உரித்துக் கீழே போட்டாள். கிரிப்பை முந்தானையால் துடைத்து மாமனாரிடம் நீட்டினாள்.

மருமகள் மாமனாரின் கையைத் தொட்டுச் சொல்லித் தரமுடியாது. அதனால் பக்கத்தில் கிடந்த இன்னொரு மட்டையை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே நின்றாள்.

"மாமா, இடது கைய மேல வைங்க. கைப்பிடி வெரலோட அடிப்பக்கம் கெடக்கணும். இந்தா, இப்படிச் சாய்வா. கட்டவெரல நீட்டி மேல வைங்க, நடுவுல இருந்து லேசா வலப்பக்கம். குனிஞ்சு பாத்தா இடதுகை வெரல் முட்டி ரெண்டு தெரியணும். தெரியுதா?"

"தெரியுது" என்றார் சம்பந்தி.

"இப்ப வலது கைய ஒட்டி வைங்க. எடவெளி கூடாது. வலது சுண்டுவெரலு இடதுகை ஆள்காட்டி வெரலுக்கும் நடுவெரலுக்கும் ஊடால உக்காரணும். வலது உள்ளங்கை கட்டவெரல மூடிக்கிரும். அம்புட்டுத்தான். இறுக்காதீக மாமா. விழாம இருந்தாப் போதும்."

சம்பந்தி வீசினார். பந்து நேராகப் போனது. அதிக தூரமில்லை, ஆனால் நேராக. பாத்தியில் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை.

"இந்தக் கிரிப்பு உங்க கைக்குப் பருமன் மாமா" என்றாள் வளர்மதி. "நாளைக்கு இந்த சாரோட ஸ்டிக்க வாங்கி ஆடுங்க. வந்தப்பறம் மெலிசா, நூலு கலந்தது வாங்கி மாத்திக்கலாம்."

விருந்தாளி தலையாட்டினார். அவள் நகரவில்லை. மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, நான் திங்கக்கிழம வேலைக்குச் சேரணும்."

யார் வேண்டாமென்றது

சம்பந்தி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"சேரு. யாரு வேணாம்னது?" என்றார்.

வளர்மதி ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"நீ கேட்டப்ப பாப்போம்னேன். உங்கய்யா வந்து கேக்கட்டும்னு இருந்தேன், அதான மொற? தகப்பன் கேட்டு, மாமனாரு சரின்னு சொல்லி அனுப்புனா நாளைக்கு ஒருத்தன் வாய் பேச மாட்டான். கிரிப்ப மாட்டச் சொல்லி நானே கூப்புட்டும் விட்டேன். நாலு நாளா வாராரு. டீ குடிக்கிறாரு, பிரமாதங்கிறாரு, போறாரு. ஒரு வார்த்த கேக்கல. பொண்ண அம்புட்டுத் தூரம் அனுப்ப அவருக்கே இஷ்டமில்ல போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு மோரை எடுத்துக் குடித்தார்.

அது உண்மையா, விருந்தாளிக்கு முன்னால் போட்ட சமாளிப்பா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மனிதரை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் சமாளிப்பு என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? கேட்டிருந்தால்தானே தெரியும்.

விருந்தாளியும் சம்பந்தியும் வீட்டுக்குள் போனார்கள். பொட்டலில் நானும் மகளும் நின்றோம்.

"கேக்கலையாய்யா?" என்றாள்.

"இல்லத்தா."

"நாலு நாளாவா?"

"அவுக கோவப்பட்டுட்டா உனக்குத்தான் கஷ்டம்னு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்காகவா வாய மூடிட்டு இருந்தீக?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "மட்ட ரூம்புல மேசைக்கடியில நான்தானய்யா உக்காந்திருந்தேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

இத்தனை வாரமாக இந்தப் பக்கங்களில் நான் யாரையெல்லாம் நக்கல் செய்தேனோ, அவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரு காலத்தில் கைகட்டி நின்று நல்லா இருக்கு என்று சொன்னவன் நான். அதை அவள் அறிவாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை திருவாடானைக்கு நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். அதையாவது வாய்விட்டுக் கேட்டேன்.



"வேணாய்யா" என்றாள். "மாமா வாராக."